சுவருக்குள் இருந்து கதைக்கும் என் மகனுக்கு

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தலைக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறாய். காலையில் நீ சப்பாத்தோடு நடந்த நடையில் அப்பாவின் தேநீர்க் கோப்பை ஆடியது. நானும் சுகம். முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற மகனுக்குத் தாய் பத்திரிகையில் கடிதம் எழுதுவதா என்று நீ தலையில் கை வைப்பாய். வை. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திகளை நீ வேகத்தைக் கூட்டிவிட்டுத்தான் கேட்கிறாய் என்று அப்பா சொன்னார். பத்திரிகையை அந்த வேகத்தில் வாசிக்க உன் தமிழ் இடம் கொடுக்காது.

ஆனால் அது முழுக் காரணம் இல்லை. இந்த மாத இதழ் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நம்மவர் கடைகளின் வாசலில் எல்லாம் இலவசமாகக் கிடக்கும். பாதிப் பேர் நான் எழுதுகிற பகிடிப் பக்கத்தை வாசிப்பார்கள். மீதிப் பேர் அதில் மீன் சுற்றுவார்கள். அவர்களும் சுற்றுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் இவ்வளவு காலமாக உன்னைப் பற்றி ஒரு பெருமையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஊர் முழுக்கச் சொன்னதை உன் காதில் மட்டும் மெதுவாகத் திரும்பப் பெற்றால் அது செல்லாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். விஷயத்துக்கு வருவேன். வருகிற வழியில் கொஞ்சம் ஊர் விடுப்பும் வம்பும் இருக்கும். அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

முதலில் அந்தப் பட மாளிகை. தியேட்டர் என்று சொன்னால் அதைப் பார்த்துக்கொள்கிற மிசியே றெஜானுக்கு மனம் நோகும், ஆகவே மாளிகை. படங்கள் பேசாத காலத்தில் கட்டியிருக்கிறார்கள். கூரையில் நீல வானம், வானத்தில் மின்குமிழ் நட்சத்திரங்கள், தூண்களில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பூதங்கள். திரையின் இரு பக்கமும் தங்கப் பூச்சுப் பூசிய சல்லடைச் சுவர். அந்தச் சல்லடைக்குப் பின்னால் ஓர்கன், காற்று ஊதிக் குழாய் குழாயாகப் பாடுகிற பெரிய வாத்தியம். படம் பேசாததால் படத்துக்காக அது பேசியது. தேவாலயத்து ஓர்கன் மாதிரிப் பக்தியாக நிற்கிற சாதி இல்லை இது. இதற்குள் உண்மையான மேளம், தாளம், மணி, குருவிச் சத்தம், கார் ஹோர்ன், குதிரைக் குளம்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். வாசிக்கிறவர் ஒரு கட்டையை அழுத்தினால் சுவருக்குள் எங்கேயோ ஒரு கோல் மெய்யாகவே மேளத்தில் விழும். அவர் வாசித்துக்கொண்டே மேடைக்குக் கீழிருந்து லிப்டில் எழும்பி வருவாராம். பெண்கள் படம் பார்க்க வரவில்லை, அவரைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்பது றெஜானின் தகவல். றெஜான் அப்போது பிறக்கவேயில்லை. இருந்தாலும் விடுப்புக்கு வயது தேவையில்லை என்று அவரும் நானும் ஒரே கட்சி.

பிறகு படம் பேசத் தொடங்கியது, ஓர்கனுக்கு வேலை போயிற்று. யாரும் அதை வேண்டுமென்று அழிக்கவில்லை. போர்வை போட்டு மூடினார்கள். பின்னால் வந்த ஒரு முதலாளி சல்லடைக்கு முன்னால் பலகை அடித்து அதன் மேல் சிவப்புத் துணி ஒட்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்தாலும், அவ்வளவு பெரிய குழாய்களை வெளியே எடுக்கச் சுவரை உடைக்க வேண்டும். மனிதர்களின் சோம்பலால் உயிர் தப்பிய ஓர்கன் அது. மாளிகையில் கிரேக்கப் படங்கள் ஓடின. கொஞ்சக் காலம் அந்தமாதிரிப் படங்களும் ஓடின; அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் றெஜானுக்கு ஞாபக மறதி வந்துவிடும். பிறகு எங்கள் காலம், ஞாயிறு மத்தியானத் தமிழ்ப் படம். ஒரு காலத்தில் இந்த மாகாணத்தில் சின்னப் பிள்ளைகளைப் படம் பார்க்க உள்ளே விடவே மாட்டார்களாம். அந்தக் குறையை நாங்கள் வந்து ஒரேயடியாகத் தீர்த்து வைத்தோம். கதாநாயகி அழத் தொடங்கினால் மண்டபம் முழுக்கக் குழந்தைகளும் சேர்ந்து அழும். உன்னை மடியில் வைத்துக்கொண்டு நானும் அப்பாவும் அந்தச் சிவப்புத் துணிச் சுவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறோம். நீ றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு அதில் கை துடைத்தாய். நல்ல துணி, கறை தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு படம் வந்த பிறகு மாளிகையைப் பூட்டிவிட்டார்கள். வெகு காலம் கழித்துப் பழைய கட்டடங்களில் ஆசை உள்ள ஒரு சங்கத்தார் அதை வாங்கினார்கள். வெப்பம் வேலை செய்யவில்லை என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நீ கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் வெப்பமும் காற்றும் பார்க்கிற ஆள். அதை நான் ஊருக்குள் எஞ்சினியர் என்று சொல்லி வைத்திருந்தேன். “அம்மா, நான் டெக்னீசியன்” என்று நீ ஆட்களுக்கு முன்னால் திருத்துவாய். “ஓம், அதைத்தானே நானும் சொன்னனான்” என்று நானும் சமாளிப்பேன். அங்கே ஒரு காற்றுக் குழாய் எங்கே போகிறது என்று விளங்காமல் நீ அதன் பின்னாலேயே போய்ப் பலகையைக் கழற்றியிருக்கிறாய். அன்று பின்னேரம் தலை முழுக்கப் புழுதியோடு என் குசினி வாசலில் வந்து நின்றாய்.

“அம்மா, சுவருக்குள்ள ஒரு காடு நிக்குது.”

“கை கழுவிப்போட்டு வா” என்று மட்டும் சொன்னேன். பெரிய விஷயங்களுக்கு எனக்கு உடனே பதில் வருவதில்லை என்பதை நீ குறித்துக்கொள். இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி.

அதற்குப் பிறகு உன் சனிக்கிழமைகள் ஓர்கனுக்குப் போயின. ஓய்வு பெற்ற பஸ் சாரதி றெஜானும் அவருடைய தொண்டர் படையும் காற்றுப் பைகளின் தோல்களை மாற்றி, குழாய்களைத் துடைத்து, அடித்தளத்தில் இருந்த ஊது மோட்டாரை உன்னைக் கொண்டு இயக்கி, அதற்கு மூச்சுக் கொடுத்தார்கள். மூச்சு வந்ததும் சுருதி கூட்ட வேண்டி வந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே குழாய்களுக்கு நடுவில் ஏணியில் நின்று தட்டித் திருத்துவார். மற்றவர் வெளியே இருந்து, உள்ளே இருப்பவர் சொல்லும் வரை ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு இருக்க வேண்டும். ‘அடுத்தது’ என்றால் அடுத்த கட்டை. இசை தெரியத் தேவையில்லை. பொறுமையும் மூடிய வாயும் இருந்தால் போதும். முதலாவது என்னிடம் கொஞ்சம் இருந்தது.

“அம்மா, அடுத்தது!”

“பொறு தம்பி, அந்தக் கலியாண வீட்டுக் கதையை முடிச்சிட்டு...”

“அம்மா! நீங்கள் கதைச்சால் எனக்குச் சுருதி கேக்காது.”

“அப்ப நீ கதை. நான் கேக்கிறன்.”

பகிடிக்குத்தான் சொன்னேன். நீ கதைக்கத் தொடங்கிவிட்டாய். மேசையில் எதிரெதிரே இருந்தால் உன்னிடமிருந்து ‘ஓம்’, ‘இல்லை’, ‘பேந்து பாப்பம்’ இந்த மூன்றையும் விட்டால் வேறு வராது. சுவருக்குள் போனதும் உனக்கு வாய் திறந்துவிட்டது. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாறும் இடைவெளியில் கதைத்தாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தால் ‘அடுத்தது’ என்றாய், என் பதிலை ஓர்கன் விழுங்கியது. உன்னோடு படித்த அந்தப் பிள்ளை ஏன் உன்னை விட்டுப் போனாள் என்பதை அப்படித்தான் அறிந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் தன் அறை குளிர்கிறது என்று உன்னைக் கூப்பிட்டு, வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததையும் அப்படித்தான். இடையில் புகுந்து புத்தி சொல்ல முடியாமல் பிள்ளையின் கதையைக் கேட்கிற இப்படியொரு ஏற்பாட்டைத் தாய்மாருக்குப் பிரசவ வார்டிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும். புவாண்ட்-கிளேரில் கிழமை முழுக்கக் களஞ்சிய அலுவலகத்தில் பெட்டிகளைத் தேடிக் களைத்தாலும், சனிக்கிழமை விடியும்போது எனக்கு முழங்கால் நோகாது.

வெப்பக் கதையை நான் சொல்லாவிட்டால் ஊரில் வேறு மாதிரிச் சொல்லுவார்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். முதல் பொதுக் காட்சிக்கு முந்திய சனிக்கிழமை. வெளியே பனி. மண்டபம் ஒரு பெரிய பிரிட்ஜ். கையுறை போட்டால் கட்டை அழுத்த முடியாது, போடாவிட்டால் விரல் இல்லை. நீ சுவருக்குள் போனதும் நான் மெதுவாகப் போய்ச் சுவரில் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டை எங்கள் வீட்டு அளவுக்குத் திருப்பினேன். எங்கள் வீட்டு அளவு உனக்குத் தெரியும். விருந்தாளிகள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு யன்னலைத் தேடுவார்கள். நீ உள்ளே வியர்த்து வழிந்து, காய்ச்சல் வருகிறது என்று நினைத்து, இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு சுருதி கூட்டி முடித்தாய்.

போகும்போது நான் அதைப் பழையபடி திருப்பி வைத்ததால், காட்சி நாளில் மண்டபத்தில் வழக்கமான குளிர். காற்றுக் குளிர்ந்தால் புல்லாங்குழல் மாதிரியான குழாய்களின் சுருதி இறங்கிவிடுமாம். உலோக நாக்கு வைத்த குழாய்கள் அவ்வளவாக அசையாதாம். இது எனக்கு எப்படித் தெரியும்? வாசிக்க வந்த மனிதர் கட்டையில் கை வைத்ததும் ஓர்கன், இரண்டு பக்கச் சம்பந்திமாரும் ஒரே நேரத்தில் நியாயம் கதைப்பது போலப் பாடியது. நல்ல காலம், ஓடியது பேசாத காலத்து நகைச்சுவைப் படம். சனங்கள் அதுவும் பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டைப் பார்த்தாய், பிறகு தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாய்.

“குளிருதெல்லோ!” என்றேன்.

றெஜான் அடுத்த நாளே அதற்குப் பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் கூடு மாட்டினார். நீ ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த சனிக்கிழமை என் காலடியில் ஒரு சின்ன ஹீற்றர் இருந்தது, பக்கத்தில் விரல் நுனி வெட்டிய கையுறை. நீதான் வாங்கி வைத்திருந்தாய். நான் அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு பெருமையில் மிதந்தேன். இவன் எங்கே என்னை விட்டுப் போகப் போகிறான் என்று நினைத்தேன்.

இனி விஷயம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, நான் நடுக் கட்டை ஒன்றை அழுத்திக்கொண்டு இருந்தேன். உள்ளே நீ தட்டுகிற சத்தம் நின்றது.

“அம்மா, ஹொலண்டில ஓர்கன் செய்யிற பட்டறை ஒண்டில என்னைக் கூப்பிட்டிருக்கினம். பழகிற வேலை. சில வருசம் நிக்கவேணும்.”

நான் விரலை எடுக்கவில்லை. நீயே தொடர்ந்தாய்:

“நான் போகேல்லை எண்டுதான் நினைக்கிறன். இதை விட்டிட்டுப் போக ஏலாது. வாற மாதக் கடைசிக்குள்ள பதில் சொல்லவேணும்.”

நீ ‘அடுத்தது’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சுருதி கூரை நட்சத்திரம் வரைக்கும் போய் நின்றது. அன்று வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் திறக்கவில்லை. ஆனால் என் வாய் அதிக நேரம் பட்டினி கிடக்காதே. பின்னேரம் கடைக்குப் போனோம். நீ அரிசிப் பக்கம் போனாய். முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் சாந்தி அக்கா நின்றார். அவருடைய மகன் வான்கூவருக்குப் போன நாளிலிருந்து அவருக்கும் எனக்கும் இடையில் ஒரு சின்னக் கணக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். அவன் போனதைக் குத்திக்காட்டி அதை ஆரம்பித்தவள் நான்.

“என்னடி, உன்ர பெடியன் ஹொலண்டுக்குப் போறானாம்?”

உன் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் வாயை விட்டிருக்கிறார். நீ அவரிடம் முதலில் சொன்னதை நான் பிறகு தனியாகக் கவனிக்கிறேன். அந்த நேரம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“ஆர் சொன்னது? என்ர பிள்ளை என்னை விட்டிட்டு ஒரு இடமும் போகான். அதெல்லாம் வளர்க்கிற முறையில இருக்கு, அக்கா.”

சாந்தி அக்கா கையில் இருந்த முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

“ஓம், ஓம். நீ குடுத்து வைச்சனீ” என்றார்.

திரும்பினால் நீ. தோளில் அரிசி மூட்டை. எல்லாம் கேட்டிருந்தது உன் முகத்தில் தெரிந்தது. “போவமே, அம்மா?” என்றாய். அவ்வளவுதான். மூட்டையைக் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டு மேலே போனாய். அந்தக் கிழமை முழுக்க உனக்காக என் பிரிட்ஜில் வைத்த கறி வைத்தபடி இருந்தது. உன் பதில் இன்னும் அனுப்பப்படவில்லை என்று அப்பா சொன்னார். இந்த முறை அவருடைய ஓட்டை வாய்க்கு நன்றி.

தம்பி, ‘என்ர பிள்ளை என்னை விட்டிட்டுப் போகான்’ என்ற வசனத்தை நீ நடக்கப் பழகிய காலத்திலிருந்து சொல்லி வருகிறேன். பிறந்தநாள் வீடுகளில், கோவில் வரிசையில், பஸ்ஸில், தெரிந்தவர்களிடமும் தெரியாதவர்களிடமும். எனக்கு அது ஒரு பெருமை. உனக்கு அது ஒரு சட்டம் ஆகிவிட்டது. நான் யார் தெரியுமா? என் தாயை விட்டுவிட்டு ஒரு கடலைத் தாண்டி வந்தவள். என்னைப் பார்த்து யாரும் வளர்த்த முறை சரியில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் சாந்தி அக்காவுக்குச் சொன்னேன் பார், அதுதான் என் துணிச்சல்.

ஓர்கனை விட்டுவிட்டுப் போக முடியாது என்றாய். அதை நம்ப நான் றெஜான் இல்லை. அந்த ஓர்கன் போர்வைக்குள்ளும் பலகைக்குப் பின்னாலும் யாருமில்லாமல் அவ்வளவு காலம் கிடந்தது. நீ சில வருடம் இல்லாவிட்டால் கொஞ்சம் பிசகும், செத்துவிடாது. நீ விட முடியாதது கட்டைக்கு முன்னால் ஹீற்றரில் கால் வைத்துக்கொண்டு இருக்கிற இந்தச் சாமானைத்தான். அந்தச் சனிக்கிழமை என் சூட்டில் நீ ஓர்கனுக்குச் சுருதி கூட்டினாய் அல்லவா? உன்னையும் அப்படித்தான் என் சூட்டில் கூட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டில் நன்றாகத்தான் கேட்கிறது. வேறு மண்டபத்தில் எப்படிக் கேட்கும் என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்க விடவில்லை. போ. அங்கத்தைய குளிரில் கொஞ்சம் பிசகு. பிறகு நீயே தட்டித் திருத்து. அந்த வேலை உனக்குத் தெரியும்.

நாள்தோறும் அழைக்காதே, அழைத்தால் நான் கதையை மிச்சம் பிடிக்க மாட்டேன். அங்கே யாரையாவது பிடித்துப்போனால் மேசையில் எதிரே இருத்தி வைத்துக் கதைக்கப் பழகு. எல்லாப் பெண்களும் உனக்காகச் சுவருக்கு வெளியே காத்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். குளிருக்கு நல்ல சட்டை வாங்கு, சிக்கனம் பிடிக்காதே.

போன சனிக்கிழமை உனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் மட்டும் மாளிகைக்குப் போனேன். றெஜான் சுவருக்குள் போனார், நான் கட்டைக்கு முன்னால் இருந்தேன். என் பிரெஞ்சில் வினைச்சொற்கள் எல்லாம் நிகழ்காலத்தில்தான் நிற்கும் என்று நீ சிரிப்பாயே. அதனால் ‘என் மகன் போகிறான்’ என்பது மட்டும் பிழையில்லாமல் வந்தது. உள்ளே மூக்குச் சீறுகிற சத்தம். பிறகு, அவன் திரும்பி வந்து தான் கூட்டிய சுருதியைக் கேட்டுச் சிரிக்காவிட்டால் சரி என்று பிரெஞ்சில் சொன்னார். அவர் ‘அடுத்தது’ என்று சொல்ல மாட்டார், ‘ஸ்வீவாந்த்’ என்பார். சொன்னார், நான் விரலை மாற்றினேன். அவர் ஏணியில் மாறும்போது ஒன்றும் கதைப்பதில்லை. எனக்கு அது இன்னும் பழகவில்லை, பழகும். அன்று முடிந்தபோது ஓர்கன் உன் சுருதியில் இல்லை. ஆனால் பாடியது.

அங்கிருந்து நேராகச் சாந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏச வந்த மாதிரி இல்லை என்று கண்டு உள்ளே விட்டார். அவன் போகிறான் அக்கா, நான் அன்று கடையில் சொன்னது பிழை என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் காய விட்டார். அது அவருடைய உரிமை. பிறகு தேநீர் ஊற்றினார்.

“முதல் மாசம் அவனுக்கும் சேர்த்து அரிசி போடுவாய். பேந்து கை பழகும்” என்றார். “எப்ப போறான்?”

“பதில் இன்னும் அனுப்பேல்லை, அக்கா.”

“அப்ப என்னெண்டு போறான் எண்டு சொல்லுறாய்?”

“அவனுக்கு நான் இன்னும் சொல்லேல்லை.”

சாந்தி அக்கா சிரித்த சிரிப்பை வான்கூவர் மகனும் கேட்டிருப்பான்.

இப்போது உன் நிலைமையை யோசித்துப் பார். றெஜானுக்குச் சொல்லியாயிற்று, சாந்தி அக்காவுக்குச் சொல்லியாயிற்று, இந்த இதழ் எல்லாக் கடை வாசலிலும் கிடக்கும். நீ போகாவிட்டால் உன் அம்மா பார்க் எக்ஸ்டென்ஷனில் பொய்க்காரி. பதிலை அனுப்பு. அனுப்பிவிட்டு எனக்குச் சொல்ல ஓடி வராதே. முதலில் சாந்தி அக்காவுக்குச் சொல்லு. அந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவருகிற சந்தோஷத்தை நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவர் படியேறி வரும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கதவைத் திறப்பேன்.

அம்மா